ஸ்லைடர் ஈவென்ட்டுகள்: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விண்டோஸ் ஆப் எழுத உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸில் டிராக்பாருக்கு (குமிழை இழுத்து மதிப்பை மாற்றும் ஸ்லைடருக்கு அங்கே அதுதான் பெயர்) ஸ்க்ரோல், வேல்யூசேஞ்ச்டு என்று இரண்டு ஈவென்ட் (ஏதோ நடந்தது என்று கோடுக்கு வரும் அறிவிப்பு) இருக்கிறதே. கோடை எதில் எழுதுவது?

பதில்: மவுஸிலோ கீபோர்டிலோ பயனர் நகர்த்தினால் இரண்டும் கிளம்பும். உங்கள் கோடே மதிப்பை மாற்றினால் வேல்யூசேஞ்ச்டு மட்டும்தான். சேமித்து வைத்த ஒலி அளவை ஸ்லைடரில் ஏற்றும்போது, பயனர்தான் மாற்றினார் என்று நினைத்து ஆப் அதைத் திரும்பவும் ஃபைலில் எழுதக் கூடாது. அந்த வேலை ஸ்க்ரோலில் இருக்கட்டும். பக்கத்து லேபிளில் எண்ணைக் காட்டுவது யார் மாற்றினாலும் நடக்க வேண்டியது, அது வேல்யூசேஞ்ச்டில்.

கேள்வி: க்யூட்டில் (ஆப்பின் திரையை அமைக்கும் இன்னொரு லைப்ரரி) படத்தை மங்கலாக்க ஒரு ஸ்லைடர் வைத்தேன். இழுக்கும்போது ஆப் திணறுகிறது. ஸ்லைடர்ரிலீஸ்டு சிக்னலுக்கு (க்யூட்டில் ஈவென்ட்டுக்குச் சமமானது) மாற்றினேன். இப்போது அம்புக்குறி விசைகளை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை.

பதில்: நடக்காதுதான். அந்த சிக்னல் குமிழைப் பிடித்து இழுத்து விட்டால் மட்டுமே வரும். விசைக்கும் மவுஸ் சக்கரத்துக்கும் வராது. செட்டிராக்கிங்கை (இழுக்கும்போதே சிக்னல் வரட்டுமா என்ற அமைப்பு) ஃபால்ஸ் ஆக்கிவிட்டு வேல்யூசேஞ்ச்டுக்கே திரும்புங்கள்: இழுத்து முடித்ததும் ஒரு முறை வரும், விசைக்கும் வரும்.

ஆனால் இழுக்கும்போதே படம் மாறுவதைப் பார்க்கத்தானே பயனர் ஸ்லைடரைத் தொடுகிறார்? அதனால் நான் டிராக்கிங்கை விட்டுவைத்து, 100 மில்லிசெகண்ட் சிங்கிள்ஷாட் டைமர் (ஒரே முறை அடித்து நிற்பது) வைத்து, அது முடியும்போது படத்தை மாற்றுவேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டைமரைப் புதிதாகத் தொடங்கினால், கை நின்ற பிறகுதான் படம் மாறும். ஏற்கெனவே ஓடும் டைமரைத் தொடாமல் விட்டால், இழுக்க இழுக்க அவ்வப்போது மாறும். மங்கலாக்க எனக்குப் பிடித்தது இரண்டாவது. எப்படியானாலும் டைமர் முடியும் நேரத்தில் ஸ்லைடரிடமே மதிப்பைக் கேளுங்கள். பழைய மதிப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அப்புறமும் திணறினால் கணக்கை வேறு த்ரெட்டுக்கு (ஆப்பில் இணையாக ஓடும் தனி வேலை) தள்ளி, தாமதமாக வரும் பழைய விடைகளைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேள்வி: டபிள்யூபிஎஃபில் (விண்டோஸ் ஆப்புக்கான இன்னொரு லைப்ரரி) விண்டோ திறக்கும்போதே வேல்யூசேஞ்ச்டு ஹேண்ட்லரில் (ஈவென்ட் வந்ததும் ஓடும் கோடு) நல் ரெஃபரன்ஸ் பிழை, அதாவது இல்லாத ஒன்றைத் தொட்ட பிழை. ஸ்லைடரை யாரும் தொடவே இல்லை!

பதில்: ஸாம்லில் (திரை அமைப்பை எழுதும் ஃபைல்) மினிமம் 10 என்று கொடுத்திருப்பீர்கள், இல்லை வேல்யூவுக்கு ஏதோ எண். தொடக்க மதிப்பு 0. அது மாறியதும் ஈவென்ட் கிளம்பிவிடுகிறது. ஹேண்ட்லர் தேடும் லேபிள் ஸாம்லில் கீழே இருந்தால் அது இன்னும் உருவாகியிருக்காது. ஸாம்லில் உள்ளவற்றை உருவாக்கும் இனிஷியலைஸ்காம்பொனென்ட்டுக்குப் பிறகு கோடில் ஹேண்ட்லரை இணைத்தால் சரியாகிவிடும். லேபிளின் தொடக்க எண்ணை மட்டும் நீங்களே ஒருமுறை எழுதிவிடுங்கள்.

கேள்வி: க்யூட் ஸ்லைடரில் 0.05 அளவுக்கு நகர வழி உண்டா?

பதில்: அது முழு எண் மட்டுமே வாங்கும். 0 முதல் 20 வரை வைத்து, வரும் எண்ணை 20ஆல் வகுங்கள்.

கேள்வி: ஸ்லைடரும் ஸ்பின்பாக்ஸும் (எண்ணைத் தட்டும் பெட்டி) ஒன்றையொன்று மாற்றினால் முடிவில்லாமல் சுற்றாதா?

பதில்: க்யூட்டில் சுற்றாது. இருக்கும் மதிப்பையே திரும்பக் கொடுத்தால் சிக்னல் வராது. மேலே சொன்னதுபோல் வகுத்துப் பெருக்கினால் மட்டும் கவனம்: தசமம் வெட்டுப்பட்டு, பயனர் தட்டிய எண்ணையே ஸ்லைடர் திருத்திவிடும். அங்கே சிக்னலைத் தற்காலிகமாகத் தடுக்கும் சிக்னல்பிளாக்கர் போடுங்கள்; க்யூட் 5.3 முதல் இருக்கிறது.

கேள்வி: ஜாவாவின் திரை லைப்ரரியான ஸ்விங்கில் ஸ்லைடரை இழுத்து முடித்ததை எப்படி அறிவது?

பதில்: மதிப்பு மாறும்போது அழைக்கப்படும் ஸ்டேட்சேஞ்ச்டுக்குள் கெட்வேல்யூஈஸ்அட்ஜஸ்டிங் (இன்னும் இழுக்கிறாரா) ஃபால்ஸா என்று பாருங்கள்.

கேள்வி: பைத்தானின் திரை லைப்ரரியான டிகின்டரில், டிடிகே ஸ்கேல் (அதன் ஸ்லைடர்) தரும் மதிப்பை இன்ட் (முழு எண்) ஆக்கினால் வேல்யூஎரர் வருகிறது.

பதில்: கமாண்டுக்கு (ஸ்லைடர் நகரும்போது அழைக்கப்படும் உங்கள் ஃபங்ஷன்) வருவது "37.4" போன்ற ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர். முதலில் ஃப்ளோட் (தசம எண்) ஆக்குங்கள், பிறகு இன்ட்.