நிக்ஸி குழாய் கடிகாரத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா? குழாய்கள் எங்கே கிடைக்கும், பழைய மீட்டர்களைப் பிரித்து எடுக்கலாமா?

முடியும். சாலிடரிங் கை பழகியிருந்து, ஒரே வாரத்தில் முடித்து ஸ்டேட்டஸ் போட வேண்டும் என்ற அவசரம் மட்டும் இல்லாமல் இருந்தால் தாராளமாக முடியும்.

நீங்கள் ஏதோ ரீல்ஸில் கண்ணாடிக் குழாய்க்குள் எண்கள் எரியும் அந்த ஆரஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நேராக ஐஎன்-18 என்ற பெரிய சோவியத் குழாயின் விலையைத் தேடியிருப்பீர்கள். தலை சுற்றியிருக்கும். அதனால்தான் பழைய மீட்டரில் இருந்து எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் என்னிடம் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

நேரடிப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐஎன்-12 என்ற மலிவான வகையை வாங்குங்கள். மணி, நிமிடத்துக்கு நான்கு, கூடவே ஒன்றிரண்டு உபரி. குழாயில் மிச்சமாகும் காசை பவர் சப்ளையில் போடுங்கள். வேலை செய்கிற பழைய கருவியைக் குழாய்க்காக உடைக்காதீர்கள். முதல் இரண்டும் ஆலோசனை. மூன்றாவது கொஞ்சம் கோபம்.

நான் கோவையில் ஒரு மில்லில் எலக்ட்ரானிக்ஸ் மெயின்டெனன்ஸில் இருந்தவன். படிப்பு டிப்ளமோதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கீழே கமெண்டில் யாராவது பி.இ. படித்தவர் வந்து "ஆனோடு மின்தடையைக் கணக்கிடும் முறை இதுவல்ல" என்று ஆரம்பிப்பார். வரட்டும். என் கணக்கில் செய்த கடிகாரங்கள் இன்னும் எரிகின்றன.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நிக்ஸி குழாய் என்பது பல்பு மாதிரி இருந்தாலும் உள்ளே இழை கிடையாது. நியான் வாயு நிரப்பிய கண்ணாடிக்குள் 0 முதல் 9 வரை பத்து எண்களை மெல்லிய உலோகத்தில் செய்து ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். முன்னால் ஒரு வலை, அதுதான் ஆனோடு. அதற்கு சுமார் 170 வோல்ட் கொடுத்து எந்த எண்ணைக் கிரவுண்டோடு சேர்க்கிறோமோ, அந்த எண்ணைச் சுற்றி மட்டும் வெளிச்சம் படரும். எண்கள் வெவ்வேறு ஆழத்தில் இருப்பதால், எண் மாறும்போது வெளிச்சம் முன்னும் பின்னுமாகத் தாவும். கிட்டப் போய்ப் பார்த்தால் எரியாத எண்களின் கம்பிகள் எரிகிற எண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடாகத் தெரியும். மலிவாக விற்கிறார்களே, உள்ளே சின்ன எல்சிடி திரை வைத்த "நிக்ஸி" கடிகாரம், அதில் இது வராது. வாங்கியவர்களைக் குறை சொல்லவில்லை. மேசைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நிக்ஸி என்று சொல்லாதீர்கள்.

அமெரிக்காவின் பரோஸ் கம்பெனி 1955-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு ஃப்ரீக்வென்சி கவுண்டர் (விநாடிக்கு எத்தனை அலை என்று எண்ணும் கருவி), டிஜிட்டல் வோல்ட்மீட்டர், மேசைக் கால்குலேட்டர் என்று எல்லாவற்றிலும் இருந்தது. எழுபதுகளில் எல்இடி வந்ததும் மேற்கே கதை முடிந்தது. சோவியத் யூனியனில் மட்டும் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை விடாமல் தயாரித்தார்கள். இன்று நாம் வாங்கும் ஐஎன்-12, ஐஎன்-14, ஐஎன்-18 எல்லாம் அந்தக் கிடங்குகளில் பயன்படுத்தாமல் கிடந்த சரக்கு.

இப்போது அந்தக் கோபத்துக்கு வருகிறேன்.

உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகள் தெரியுமல்லவா? அங்கே எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் உண்டு. ஒரு முறை போனபோது, ஏதோ கல்லூரி லேபில் இருந்து எடைக்குப் போட்ட சாமான்களுக்கு நடுவே ஒரு ஃப்ரீக்வென்சி கவுண்டர் கிடந்தது. முன்பக்கச் சிவப்பு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் வரிசையாகக் குழாய்கள். முன் போர்டை மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன்.

"எடுத்தா முழுசா எடுங்க தம்பி. டிரான்ஸ்ஃபார்மர்ல காப்பர் இருக்கு, எனக்கு அதுதான் காசு. அந்தக் கண்ணாடி எனக்கு எதுக்கு? அதை உடைச்சுக் கீழதான் போடுவேன்."

உடைத்துக் கீழே போடுவேன் என்றதும் பேரம் பேச வாய் வரவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து முழுசாகத் தூக்கி வந்துவிட்டேன்.

அப்போது என் எண்ணமும் உங்கள் எண்ணம்தான்: குழாயைக் கழற்றிக் கடிகாரம் செய்வது. ஆனால் மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஃபில்டர் கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றி, சீரியஸ் லேம்ப் (பாதுகாப்புக்கு லைனில் தொடராக ஒரு பல்பு) போட்டு மெதுவாக கரண்ட் கொடுத்தேன். எரிந்தது. முதல் மூன்று குழாய்களில் 0 பளிச்சென்று வந்தது. சரி, மற்ற எண்களையும் பார்ப்போம் என்று பெரிய ஃப்ரீக்வென்சி கொடுத்தால், முதல் குழாயில் 7-இன் மேல்கோடு மட்டும் எரிகிறது. கீழே இறங்கும் கால் முழுக்க இருட்டு.

குழாய் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நீண்ட காலம் ஒரே எண் எரிந்தால், அதிலிருந்து தெறிக்கும் உலோகத் துகள் எரியாத மற்ற எண்களின் மேல் படியும். படிந்த இடத்தில் வெளிச்சம் வராது. இதைத்தான் கேதோடு பாய்சனிங் என்பார்கள்; எரியும் எண்தான் கேதோடு. அந்த கவுண்டர் லேபில் இருந்த காலமெல்லாம் முன் இலக்கங்களில் 0 மட்டுமே காட்டிக்கொண்டிருந்திருக்கும். மாணவர்கள் எங்கே மெகாஹெர்ட்ஸ் அளந்தார்கள்? நான் அந்த 7-ஐ மட்டும் தனியாக இணைத்து, வழக்கமான கரண்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்து ராத்திரி ராத்திரியாக எரியவிட்டேன். வெளிச்சம் மேல்கோட்டில் இருந்து மெதுவாகக் காலுக்கு இறங்கி வந்தது. கடைசியில் நுனியில் ஒரு புள்ளி மட்டும் அடம்பிடித்து, அதுவும் எரிந்தது.

அதற்குப் பிறகு அதைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது அது என் மேசையில் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைத்தான் அளந்துகொண்டிருக்கிறது. 10 விநாடிக்கு ஒரு முறை 50.0, 49.9, மறுபடி 50.0 என்று. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கும் பீங்கான் யானையால் என்ன பிரயோஜனம் என்று நான் கேட்டதில்லை.

ஆக, செத்துப்போன கருவி, போர்டு எரிந்துபோனது, பாதி கழன்றது என்றால் குழாயை எடுங்கள், தப்பே இல்லை. உயிரோடு இருப்பதை எடுக்காதீர்கள். புதுக் குழாயே கிடைக்கும்போது எதற்கு?

எங்கே கிடைக்கும்? சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் குழாய் தேடி அலைய வேண்டாம். கேட்டால் டியூப்லைட் கடையைக் காட்டுவார்கள். வெளிநாட்டு விற்பனைத் தளங்களில்தான் வாங்க வேண்டும். விற்பவர்கள் பலர் உக்ரைன்காரர்கள். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கிய பிறகு பார்சல் எப்போது வரும் என்று சொல்ல முடியாமல் போனது. ரஷ்யாவில் பேபால் சேவையும் அந்த மார்ச்சிலேயே நின்றுவிட்டதால் அந்தப் பக்கம் வாங்குவது கிட்டத்தட்ட முடிந்துபோன கதை. வாங்கும்போது "சோதிக்கப்பட்டது" என்று இருக்கிறதா, பத்து எண்களும் எரியும் படம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சுங்க வரி தனியாக வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எனக்கு ஒரு கூரியர்க்காரர்கள் வரியை விட அதிகமாகக் "கையாளும் கட்டணம்" போட்டார்கள். எதைக் கையாண்டார்கள் என்று தெரியவில்லை, பெட்டியின் ஒரு மூலை அமுங்கியிருந்தது.

ஐஎன்-12 ஏன் என்றால், ஏராளமாகத் தயாரித்தார்கள், அதனால் மலிவு. ஐஎன்-18 ஒன்றின் விலைக்கு ஐஎன்-12 நான்கு வாங்கி மிச்சமும் வைக்கலாம். ஐஎன்-18-இல் எண்ணின் உயரம் 40 மில்லிமீட்டர், கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் கடிகாரத்தில் ஏதாவது ஒன்று புகையும். அது விலை உயர்ந்த குழாயாக இருக்க வேண்டாம். ஐஎன்-12-இல் 5 கொஞ்சம் விநோதமாக இருக்கும், 2-ஐத் தலைகீழாகத் திருப்பி வைத்திருப்பார்கள். சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும். காசு பிரச்சினையே இல்லை என்பவர்களுக்கு, செக் நாட்டில் தாலிபோர் ஃபார்னி என்பவர் புதிதாகவே கையால் செய்து விற்கிறார். அது வேறு உலகம்.

சாக்கெட் கிடைக்கவில்லையென்றால் பழைய 25 பின் பெண் கனெக்டர் (துளைகள் உள்ள பக்கம்) ஒன்றை உடைத்து, உள்ளே இருக்கும் பின்களை ஒவ்வொன்றாக உருவி குழாயின் கால்களில் செருகி, அப்படியே போர்டில் வைத்து சாலிடர் செய்யுங்கள். குழாயை நேரடியாக சாலிடர் செய்தால் பின்னால் மாற்றும்போது அழுவீர்கள்.

பவர் சப்ளைதான் இதில் உயிர்நாடி. தயவுசெய்து 230 வோல்ட்டை நேரடியாக டையோடு போட்டு எடுக்காதீர்கள். அது 325 வோல்ட் டிசி ஆகும், லைனில் இருந்து எந்தப் பிரிவும் இல்லாமல். "நான் அப்படித்தான் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்ல ஒருவர் வருவார். அவருக்கு என் வாழ்த்துகள். 12 வோல்ட் அடாப்டரில் இருந்து 180 வோல்ட்டுக்கு ஏற்றும் பூஸ்ட் சர்க்யூட் போடுங்கள். எம்சி34063 ஐசி, ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட், 100 மைக்ரோஹென்றி காயில், யுஎஃப்4007 டையோடு, குறைந்தது 250 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர். நான்கு குழாய்க்கு மொத்தம் 10 மில்லி ஆம்பியர், அதாவது 1.8 வாட்தான். 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் தாராளம்.

இந்தச் சாமான்களுக்கு ரிச்சி தெரு சரி. ஆனால் யுஎஃப்4007 கேட்டால் 1என்4007-ஐ எடுத்துக் கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒன்றல்ல. யுஎஃப் 75 நானோ செகண்டில் அணையும், மற்றது மைக்ரோ செகண்ட் கணக்கில் இழுக்கும். வோல்ட்டேஜ் ஏறாது, டையோடு கையைச் சுடும், நீங்கள் காயிலைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அதேபோல ஐஆர்எஃப்740-க்குப் பதில் ஐஆர்எஃப்இசட்44 கொடுத்தால் வாங்காதீர்கள். அது 55, 60 வோல்ட் தாங்குகிற சரக்கு. காயிலும் மின்தடை மாதிரி இருக்கும் பொடிசு வேண்டாம், நல்ல தடிமனான கம்பி சுற்றியது கேளுங்கள்.

ஒவ்வொரு குழாயின் ஆனோடுக்கும் போடும் மின்தடையின் கணக்கு இதுதான்: சப்ளை 180 வோல்ட், எரியும்போது குழாயில் நிற்பது சுமார் 140, மிச்சம் 40. அதை ஒரு குழாய்க்கான 2.5 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 16 கிலோ ஓம். நான் 18 கிலோ ஓம் போடுவேன். வெளிச்சம் ஒரு பொட்டு குறையும், ஆயுள் கூடும். குழாயை இயக்க சோவியத் கே155ஐடி1 ஐசி, குழாய்க்கு ஒன்று. குழாய் விற்பவரிடமே கேளுங்கள், சேர்த்தே அனுப்புவார்.

புரோகிராமுக்கு ஆர்டுயினோ நானோ என்ற குட்டி போர்டு போதும். புரோகிராம் கோடு யாரிடமும் கெஞ்சி வாங்க வேண்டிய விஷயமே இல்லை. இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் கடிகாரப் படத்தை ஓரிடத்தில் போட்டதில் இருந்து, "சார், ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு வேணும், ரிப்போர்ட்டோட சேர்த்து எவ்வளவு?" என்று மெசேஜ் வருகிறது. ரிப்போர்ட்டோடு! பிராஜெக்ட் சென்டர் என்று போர்டு மாட்டி இதையே தொழிலாகச் செய்கிறார்கள், கல்லூரிக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை. நாலு வருஷம் ஃபீஸ் கட்டிய பையனுக்கு சாலிடரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. எங்கள் பாலிடெக்னிக்கில் ஜாயின்ட் மங்கலாக இருந்தால் லேப் சார் போர்டையே தூக்கித் திருப்பிக் கொடுப்பார். சரி, இது நீங்கள் கேட்டதல்ல. விடுங்கள்.

நேரத்துக்கு டிஎஸ்3231 மாட்யூல் வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு நிமிஷம்போலத்தான் பிசகும். மலிவான டிஎஸ்1307 வேண்டாம். டிஎஸ்3231-இன் அந்த நீல நிற மாட்யூலில் ஒரு வில்லங்கம் உண்டு: ரீசார்ஜ் பேட்டரிக்கான சார்ஜிங் சர்க்யூட்டோடு வரும், நாமோ கடையில் கிடைக்கும் சாதா சிஆர்2032-ஐப் போடுவோம். அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, உப்பும். பேட்டரிக்குப் போகும் வழியில் இருக்கும் குட்டி டையோடைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, புரோகிராமில் இரண்டு வரி சேருங்கள். மணியின் முதல் இலக்கத்தில் 0, 1, 2 தவிர வேறு எதுவும் வராது, என் கவுண்டருக்கு நேர்ந்த அதே கதி அந்தக் குழாய்க்கும் வரும். அதனால் விடியற்காலை யாரும் பார்க்காத நேரத்தில் எல்லாக் குழாய்களிலும் 0 முதல் 9 வரை பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிடுங்கள். ராத்திரி பதினொன்று முதல் நான்கு வரை அணைத்தே வைக்கலாம். நடுராத்திரி எழுந்தால் மணி பார்க்க ஃபோன் இருக்கிறது.