அக்டோபரில் லட்சம், ஜூனில் பதினெட்டாயிரம்: எஸ்.ஐ.பி. ஆரம்பிக்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. கோவையில் விளம்பர ஏஜென்சி வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் கிராஃபிக் டிசைனராக இருக்கிறேன். லோகோ, பாக்கெட் டிசைன், கல்யாணப் பத்திரிகை எல்லாம் செய்கிறேன். 2025-26 நிதியாண்டில் கைக்கு வந்தது ரூ.6,30,000. அக்டோபரில் 1,15,000 வந்தது, ஜூனில் 18,000தான். அம்மாவும் நானும் மட்டும்தான். வீட்டுச் செலவு மாதம் 33,000. சாஃப்ட்வேர் சந்தா, இன்டர்நெட்டுக்கு 6,000. கிரெடிட் கார்டில் 46,000 பாக்கி. மினிமம் மட்டும் கட்டுகிறேன். ஒரு மசாலா கம்பெனி ஐந்து மாதமாக 60,000 தரவில்லை. இன்னும் இரண்டு கம்பெனிகள் பில்லில் 10 சதவீதம் பிடித்ததில் 28,000 போய்விட்டது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாததால் ரிட்டர்ன் போட்டதில்லை. மாதம் 10,000 ரூபாய்க்கு எஸ்.ஐ.பி., அதாவது மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை முதலீடு, ஆரம்பிக்கலாமா?

பதில்: முதலில் அந்த 28,000 ரூபாயைப் பேசிவிடுவோம். அது எங்கேயும் போகவில்லை. அவர்கள் பிடித்தது டி.டி.எஸ்.; உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட வரி. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்த 28,000 முழுதும் உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். இதைக் கமிஷன் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து சம்பாதித்த காசு அல்லவா? வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் நுழைந்து, இரண்டு கம்பெனிகளும் பிடித்ததைக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டியிருக்காவிட்டால் அவர்களுடைய கணக்காளரிடம் உடனே கேளுங்கள். இன்னொன்று: செலவு போக வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே, வரி வராவிட்டாலும் ரிட்டர்ன் கட்டாயம். நீங்கள் தாண்டுகிறீர்கள். ஜி.எஸ்.டி. பதிவு பற்றி இப்போது கவலை வேண்டாம்; ஆண்டுக்கு 20 லட்சம் வரை அது தேவைப்படாது.

அப்புறம் கார்டு. மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலே 46,000-க்கு மாதம் 1,610 ரூபாய் ஆகிறது. எந்த மியூச்சுவல் ஃபண்டும் இதை ஈடுகட்டும் என்று நம்பி இறங்க முடியாது. அதனால் என் பதில்: எஸ்.ஐ.பி. இப்போது வேண்டாம். ரீஃபண்ட் வந்ததும் அப்படியே கார்டில் கட்டுங்கள். மீதி 18,000-ஐ அடுத்து பணம் நன்றாக வரும் மாதத்தில் முடித்துவிடுங்கள்.

உங்கள் வருமானம் குறைவு இல்லை. வரும் நேரம்தான் சீராக இல்லை. தீபாவளிக்கு முன்னால் ஸ்வீட் பாக்ஸ், ஆஃபர் போஸ்டர், வருடக் கடைசியில் காலண்டர், தை பிறந்தால் பத்திரிகை. பள்ளிக்கூடம் திறந்து ஃபீஸ் கட்டும் ஜூனில் பணம் வறண்டுவிடுகிறது. அக்டோபரில் கை தாராளமாகிறது, ஜூனில் கார்டு வெளியே வருகிறது. இதற்கு நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். வருகிற பணமெல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். தொழில் செலவும் அதிலிருந்தே போகட்டும். ஒன்றாம் தேதி அதிலிருந்து 35,000 மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். லட்சம் வந்த மாதமும் அதே 35,000தான். போன வருடக் கணக்குப்படி தொழில் செலவும் சம்பளமும் போக வருடத்துக்கு 1,38,000 மிஞ்சும். ஏறத்தாழ நான்கு மாதச் சம்பளம். அதுதான் உங்கள் ஜூன் மாதத்துக்கான பணம்.

மசாலா கம்பெனி விஷயத்தில், பில், வேலையை ஏற்றுக்கொண்டதாக அவர்கள் அனுப்பிய மெயில் இரண்டையும் இணைத்து, தேதி குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பணம் வரும்வரை புது வேலை எடுக்காதீர்கள். இனிமேலாவது இப்படி நடக்காமலிருக்க, சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். அரசு இணையதளத்தில் கட்டணமே கிடையாது. பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தந்தாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதோடு, கெடு தாண்டி நிதியாண்டு முடியும்வரை கொடுக்காமல் வைத்திருந்தால், அந்த ஆண்டு வரிக் கணக்கில் அந்தத் தொகையைச் செலவாகக் காட்டவும் முடியாது. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டால், மார்ச்சில் அவர்களுடைய கணக்காளரே பாக்கியைத் தீர்க்கச் சொல்வார். பழைய 60,000-க்கு இதை நம்ப வேண்டாம். பதிவுக்குப் பிறகு செய்யும் வேலைகளுக்குத்தான் இது உறுதியான பிடிமானம். எப்படியானாலும் பாதித் தொகையை அட்வான்ஸாக வாங்காமல் ஃபைலைத் திறக்காதீர்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். மேஸ்திரி அட்வான்ஸ் கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லையே.

வேலையை விட்டபோது ஆபீஸ் மருத்துவக் காப்பீடும் போயிருக்கும். கார்டு முடிந்த கையோடு உங்களுக்கும் அம்மாவுக்கும் தனித்தனி பாலிசி எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியத்தை அக்டோபரில் வருடத்துக்கு ஒரே தடவையாகக் கட்டிவிடலாம்.

அந்த 1,38,000 சேர்ந்த பிறகு எஸ்.ஐ.பி.க்கு வாருங்கள். அப்போதும் 10,000 வேண்டாம், 3,000-இல் தொடங்குங்கள். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி அபராதம் போடும். சம்பளம் மாறும் ஒன்றாம் தேதிக்கு அப்புறம், ஐந்தாம் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிச் சீசனில் மிஞ்சுவதை அதே ஃபண்டில் கூடுதலாகப் போடலாம்.