டவல் யார் கையில்? குத்துச்சண்டை, எம்எம்ஏ கேள்வி பதில்

போன வாரம் "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று எழுதியதற்கு நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. பாதி ஒரே கேள்விதான், கோபம் மட்டும் வேறு வேறு. என்னைப் பற்றி ஒரு வரி: அமெச்சூர் குத்துச்சண்டையில் பன்னிரண்டு வருடம் ரெஃப்ரியாகவும் ஜட்ஜாகவும் நின்றவன். மாவட்ட, கல்லூரிப் போட்டிகள் வரைதான். தொழில்முறைச் சண்டைகளைப் பொறுத்தவரை உங்களைப் போல நானும் டிவி ரசிகன், கொஞ்சம் முற்றிய கேஸ்.

அண்ணே, நேராவே கேக்குறேன். ஒருத்தன் மண்டைய இன்னொருத்தன் உடைக்கிறதுக்குப் பேரு விளையாட்டா? சேவல் சண்டைக்குத் தடை, இதுக்கு மட்டும் டிக்கெட்டா?

சேவலை உங்களுக்கு முன்பே ஒருவர் இழுத்துவிட்டார் தம்பி. 1996இல் அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி கம்பெனியின் போட்டிகளை "மனிதச் சேவல் சண்டை" என்றார். தடை செய்யச் சொல்லி 50 மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் போட்டார். அவர் குத்துச்சண்டைப் பிரியர் என்பது வேறு கதை.

அன்றைக்கு அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சியில் எடைப் பிரிவு இல்லை, ஜட்ஜ் இல்லை, கிளவுஸ் கட்டாயமில்லை. முதல் சண்டையிலேயே உட்கார்ந்த நிலையில் இருந்த ஒரு சுமோ வீரரின் முகத்தில் உதை விழுந்து பல் தெறித்தது. 2000இல் நியூஜெர்சியில் பொது விதிகள் உருவான பிறகுதான் எடைப் பிரிவு, ஐந்து நிமிட ரவுண்டு, எங்கே அடிக்கக் கூடாது என்ற பட்டியல் எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. நியூயார்க் மாநிலம் 2016 வரை கதவைத் திறக்கவே இல்லை.

ரத்தத்தை வைத்து நான் இதை அளப்பதில்லை. சண்டையில் காசு பார்க்காத ஒருவருக்கு அதை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் விளையாட்டு. இல்லையென்றால் சேவல்தான், நீங்கள் சொன்ன மாதிரி.

ஒன்றை மறைக்க முடியாது. குத்துச்சண்டையில் குறி தலைக்குத்தான். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1982 முதல் தடை கேட்கிறது. அதே 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் ரே மான்சினியிடம் 14ஆவது ரவுண்டில் விழுந்த கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாட்களில் இறந்தார். பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12க்கு இறங்கியது அதற்குப் பிறகுதான். இந்த விளையாட்டில் பல விதிகளுக்கு அடியில் ஒரு பிணம் கிடக்கிறது.

டபிள்யூடபிள்யூஇ உண்மையா பொய்யா? எங்க தாத்தா அடிச்சுச் சொல்றாரு உண்மைன்னு.

முடிவு முன்கூட்டியே எழுதியது. விழுவதும் முதுகுவலியும் உண்மை. 1989இல் அந்த நிறுவனமே நியூஜெர்சி செனட்டிடம் "இது பொழுதுபோக்குதான்" என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு என்றால் மாநில அரசின் விளையாட்டு ஆணையத்தின் கண்காணிப்பும் வரியும் வரும், அதிலிருந்து தப்பிக்கத்தான். தாத்தாவிடம் சொல்ல வேண்டாம்.

சார், பாயிண்ட் கொடுக்கறதுல எவ்வளவு தில்லுமுல்லு நடக்குது? ஜட்ஜா இருந்தவர் நீங்க, மழுப்பாம சொல்லுங்க.

தவறும் நடக்கும், திருட்டும் நடக்கும். இரண்டும் வேறு.

தவறு எப்படி வருகிறது என்றால், ஜட்ஜுகள் ரிங்கின் வெவ்வேறு பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். என் பக்கம் முதுகு திரும்பியிருந்தால், குத்து முகத்தில் விழுந்ததா கிளவுஸில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. சத்தம்தான் கேட்கும். கூட்டம் கத்தினால் அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்கும். உள்ளூர்ப் பையனுக்கு இப்படித்தான் ஒரு ரவுண்டு ஓசியில் போய்விடும்.

திருட்டுக்கு சியோல் 1988 ஒலிம்பிக் இறுதிப் போட்டி போதும். அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் ஜூனியர் போட்ட குத்து 86, கொரியாவின் பார்க் சி-ஹுன் போட்டது 32. ஐந்து ஜட்ஜுகளின் தீர்ப்பு 3-2, பார்க்குக்குத் தங்கம். தோற்ற ஜோன்ஸுக்கே அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரர் விருதையும் கொடுத்தார்கள்! பார்க் அதைக் கேட்டு வாங்கவில்லை, பாவம். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். 2023இல் ஜோன்ஸின் ஊருக்கே போய் அந்தப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். வீரர்களுக்குள் கணக்கு தீர 35 வருடம் ஆயிற்று. நிர்வாகத்தின் கணக்கு இன்னும் நீண்டது: ரியோ 2016லும் தீர்ப்புகள் நாறின, கடைசியில் 2023இல் சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தின் (ஐபிஏ) அங்கீகாரத்தையே ஒலிம்பிக் கமிட்டி பறித்தது.

கையில சுத்துற துணியிலயே ஏமாத்துவாங்களாமே?

ஆமாம். அதனால்தான் கையில் துணி சுற்றும்போது எதிர்த்தரப்பு ஆள் பக்கத்தில் நின்று பார்ப்பார். 2009 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஷேன் மோஸ்லியின் பயிற்சியாளர் அப்படித்தான் அந்தோனியோ மார்கரீட்டோவின் துணியைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே மாவுக்கட்டு மாதிரி இறுகும் பொருள் பூசிய பட்டை. புதிதாகச் சுற்றிக்கொண்டு வந்த மார்கரீட்டோ அன்று உதை வாங்கினார், சண்டை போடும் உரிமமும் போனது. அதற்கு முந்தைய சண்டைகளில் என்ன சுற்றியிருந்தார் என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

டைசனை இன்னும் கொண்டாடுறாங்களே, இது சரியா ஐயா? அவர் செஞ்ச குற்றம் தெரிஞ்சுமா?

இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1992இல் பாலியல் வன்கொடுமை வழக்கில் டைசன் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மூன்று வருடம் சிறையில் இருந்துவிட்டு 1995 மார்ச்சில் வெளியே வந்தார். ஆகஸ்டிலேயே லாஸ் வேகஸில் ரிங் ஏறினார். உரிமம் கேட்டார், கிடைத்தது. 1997 ஜூன் 28 அன்று ரிங்கில் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தார். பதினோரு நாளில், லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் ஆணையம் உரிமத்தைப் பிடுங்கி 30 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

காதுக்குப் பதினோரு நாள். தண்டனை அனுபவித்தவருக்குப் பிழைப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் பிழைக்க விட்டதும் திருவிழா எடுத்ததும் ஒன்றல்ல. 1986இல் இருபது வயதில் அவர் பட்டம் வென்ற சண்டையை இன்றும் நான் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவேன், தலையை அசைக்கும் விதத்துக்காக. ஆள் எப்படி என்று அவர்கள் கேட்டால் அதையும் சொல்வேன்.

முகமது அலியும் ரிங்குக்கு வெளிய சட்டத்தை மீறினவர்தானே? அவருக்கு மட்டும் ஏன் சிலை?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 1967 ஏப்ரல் 28 அன்று ராணுவத்தில் சேர மறுத்தார் அலி. வழக்கு வரும் முன்பே, அன்றைக்கே நியூயார்க் ஆணையம் உரிமத்தை நிறுத்தியது. மூன்றரை வருடம் சண்டை இல்லை, அதுவும் இருபத்தைந்து வயதில்.

1970இல் அவர் வழக்கறிஞர்கள் ஆணையத்தின் பழைய கோப்புகளைக் கிளறினார்கள். குற்றத் தண்டனை பெற்றவர்களுக்கு அதே ஆணையம் உரிமம் கொடுத்திருந்தது, ஒன்றிரண்டல்ல, இருநூறுக்கும் மேற்பட்ட தடவை! கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நீதிபதி உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ராணுவத்தில் சேர மறுத்ததற்கு அவருக்கு விதித்த தண்டனையையே 1971இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆக "ஒழுக்கம்" என்ற விதி காகிதத்தில் இருந்தால் போதாது, யார் மேல் எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1980இல் அதே அலி சென்னைக்குக் காட்சிப் போட்டிக்கு வந்தபோது, வடசென்னையில் பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மெக்ரெகர் பஸ் கண்ணாடிய உடைச்சாரே, அதெல்லாம் விளம்பரத்துக்கான நாடகமா?

நாடகமில்லை. 2018 ஏப்ரலில் புரூக்ளினில் யுஎஃப்சி நட்சத்திரமான அவர் எறிந்த டிராலியால் பஸ்ஸுக்குள் இருந்த வீரர்களுக்கே கண்ணாடி வெட்டி காயம், சண்டைகள் ரத்து. ஆனால் அந்தக் காட்சியே அக்டோபரில் இன்னொரு யுஎஃப்சி வீரர் கபீபுடன் நடந்த சண்டையின் விளம்பரத்தில் ஓடியது. அங்கேதான் எனக்கு எரிகிறது. குற்றத்தை டிரெய்லராக்கினால் அடுத்தவன் என்ன கற்றுக்கொள்வான்? அந்தச் சண்டை முடிந்ததும் கபீப் கேஜை (சண்டை நடக்கும் கம்பிக் கூண்டு) தாண்டிக் குதித்தார்: நெவாடா ஆணையம் 5 லட்சம் டாலர் அபராதம், ஒன்பது மாதத் தடை போட்டது. தண்டித்தது ஆணையம், யுஎஃப்சி கம்பெனி அல்ல. கவனியுங்கள்.

2024 நவம்பரில் டப்ளின் சிவில் வழக்கில், ஒரு பெண்ணைப் பாலியல் ரீதியாகத் தாக்கியதற்கு மெக்ரெகர் பொறுப்பு என்று ஜூரி சொன்னது. மேல்முறையீடும் தள்ளுபடியானது. இதற்கு மேல் "ஆள் கொஞ்சம் முரடு, அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் நான் பேச்சை நிறுத்திக்கொள்வேன்.

அடிச்சுப் பழகினவன் வீட்லயும் அடிப்பான், இல்லையா?

குத்துச்சண்டை சாம்பியன் மேவெதர் 2012இல் குடும்ப வன்முறை வழக்கில் சிறைக்குப் போனார், உண்மை. ஆனால் நான் பார்த்த வாத்தியார்களில் மிகச் சாதுவானவர்கள் குத்துச்சண்டைக்காரர்கள். பயிற்சியைவிட, "உன்னை யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சுற்றி நின்று சொல்லும் கூட்டம்தான் ஆளைக் கெடுக்கிறது. அந்தக் கூட்டம் கிரிக்கெட்டிலும் சினிமாவிலும் இருக்கிறது.

பையனுக்கு 12 வயசு. பாக்ஸிங் சேரணும்னு அழறான். அனுப்பலாமா?

அனுப்புங்கள் அம்மா, ஆனால் முதலில் ஒரு மாலை நீங்கள் போய் ஓரமாக உட்காருங்கள். ஸ்கிப்பிங், கால்வேலை, பேக் என்று ஓடினால் நல்லது. வந்த முதல் வாரமே ஸ்பேரிங் (இன்னொரு பையனோடு பயிற்சிச் சண்டை) விட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மூக்கில் ரத்தம் வந்த பையனை மாஸ்டர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். தலைவலி என்று சொல்ல அங்கே பிள்ளைகள் பயப்படுகிறார்களா என்று அவர்களிடமே கேளுங்கள்.

நீங்க எப்பவாவது லேட்டா நிறுத்தியிருக்கீங்களா சார்?

ஒருமுறை. கல்லூரிப் போட்டி, இரண்டாவது ரவுண்டு. நீல மூலைப் பையன் வாங்கிய குத்தில் முழங்கால் தளர்ந்தது. சண்டையை நிறுத்தி வைத்து எட்டு வரை எண்ணினேன். எண்ணும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், பிறகு "என் பக்கம் நடந்து வா" என்று சொல்ல வேண்டும். வந்தான், நேராகவே வந்தான். கண் மட்டும் என்னைத் தாண்டி எங்கேயோ இருந்தது. அவன் மூலையில் டவல் வைத்திருந்தவர் (அதை ரிங்குக்குள் எறிந்தால் சண்டையை நிறுத்துங்கள் என்று அர்த்தம்) அவனுடைய சித்தப்பா, "விடுங்க சார், தாங்குவான்" என்று கத்திக்கொண்டிருந்தார். விட்டேன். மூன்றாவது ரவுண்டில் மறுபடி இரண்டு குத்து விழுந்த பிறகுதான் கையைக் குறுக்கே நீட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கிளவுஸை நான் கழற்றும்போது அவன் கேட்டான்: "சார், மூணாவது ரவுண்டு எப்ப?"