வாசகர் கேள்வி – பதில்: திரையைப் பார்த்து கிட்டார் பழகலாமா?

கேள்வி: என் மகன் கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் கெட்டிக்காரன். நிஜ கிட்டார் வாங்கிக் கொடுத்தால் சீக்கிரம் வாசித்துவிடுவானா?

பதில்: தாளக்கட்டு பழகியிருக்கும், அது லாபம்தான். மற்றபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2005-இல் வந்த அந்த விளையாட்டின் கருவியில் கம்பி கிடையாது. ஐந்து வண்ணப் பொத்தான்களும் வலது கைக்கு ஒரு பட்டையும்தான். நிஜ கிட்டாரில் ஆறு கம்பி, ஒவ்வொன்றிலும் சுமார் இருபது ஃபிரெட் (விரல் அழுத்தும் கட்டம்). அவனுக்கு விளையாட்டு வழியாகவே பழக விருப்பம் என்றால், 2011-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ராக்ஸ்மித் வரிசையைப் பாருங்கள். அதில் கையில் இருப்பது உண்மையான கிட்டார்.

கேள்வி: அதற்கு என்னென்ன வேண்டும்? வீட்டில் இருப்பது அக்கூஸ்டிக் கிட்டார்.

பதில்: 6.35 மி.மீ. ஜாக் (கேபிள் செருகும் துளை) உள்ள எந்த எலக்ட்ரிக் கிட்டாரும் போதும். விலை உயர்ந்தது தேவையில்லை, ட்யூனிங், அதாவது சுருதி, நிற்க வேண்டும், அவ்வளவுதான். அக்கூஸ்டிக்கில் பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்) பொருத்தியிருந்தால் அதையும் இணைக்கலாம். பழைய ராக்ஸ்மித் 2014-க்கு அதற்கென்றே வந்த யூஎஸ்பி கேபிள் வேண்டும். 2022-இல் வந்த ராக்ஸ்மித் பிளஸ், சந்தா கட்டி விளையாடுவது. கணினியில் சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸே (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) போதும், கைபேசியின் மைக்கைக்கூட அது ஏற்கும். கிட்டாரின் வால்யூம் குமிழை முழுதாகத் திறந்து வைக்க மறக்காதீர்கள். பாதியில் நின்றால், மெதுவாக மீட்டிய சுரங்கள் விளையாட்டின் காதில் விழாது.

கேள்வி: நான் மீட்டிய பிறகுதான் டிவியில் ஒலி வருகிறது. தாளமே பிடிபடவில்லை. என் கை சரியில்லையா?

பதில்: உங்கள் கைமேல் குற்றமில்லை. பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து கிட்டாரை மூலையில் சாத்திவிடுகிறார்கள். முதலில் ஒரு சோதனை: இடது கையைக் கம்பிகள்மேல் லேசாகப் படியவிட்டு, பிக்கால் (மீட்டும் சிறு தகடு) ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். கிட்டாரிலிருந்து நேரடியாக ஒரு ‘டக்’, ஸ்பீக்கரிலிருந்து இன்னொரு ‘டக்’ என்று தனித்தனியாகக் கேட்டால், தாமதம் அதிகம். ஆம்ப்ளிஃபையருக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவருக்கே ஒலி சுமார் 9 மில்லி செகண்ட் கழித்துத்தான் வந்து சேர்கிறது. அந்த அளவுக்குக் காது பழகிவிடும். பல மடங்கானால் பழகாது.

பெரும்பாலும் தாமதம் சேருவது டிவியில். எச்டிஎம்ஐ வழியாக வரும் ஒலியை டிவி தன் பங்குக்கு ஒருமுறை பதப்படுத்திவிட்டுத்தான் வெளியே விடும். படம் டிவியில் இருக்கட்டும். ஒலியைக் கணினியின் 3.5 மி.மீ. துளையிலிருந்து வயர் ஹெட்ஃபோனுக்கு எடுங்கள். புளூடூத் ஹெட்ஃபோன் இதற்கு வேண்டவே வேண்டாம். படமும் பின்தங்கினால் டிவியை கேம் மோடில் வையுங்கள்.

அதற்குப் பிறகும் குறையவில்லை என்றால், ராக்ஸ்மித் 2014-இன் ஐஎன்ஐ கோப்பில் (அமைப்புகளைச் சேமிக்கும் கோப்பு) தாமத அளவைக் குறிக்கும் ‘லேட்டன்சி பஃபர்’ என்ற வரி 4 என்று இருக்கும். அதை 3 ஆக்கிப் பாருங்கள், பிறகு 2. ஒலி பொரியத் தொடங்கினால் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: சரியான ஃபிரெட்டில்தான் அழுத்துகிறேன். ஆனாலும் ‘தவறு’ என்கிறது, அதுவும் தடித்த கம்பியில்.

பதில்: தடித்த ஈ (E) கம்பி நொடிக்கு சுமார் 82 முறைதான் அதிர்கிறது. ஒரு அதிர்வுக்கே 12 மில்லி செகண்ட். ஓரிரு அதிர்வாவது வந்தால்தான் சுருதியைக் கணிக்க முடியும் என்பதால் அங்கே விளையாட்டு கொஞ்சம் தடுமாறும். மெல்லிய ஈ கம்பிக்கு ஒரு அதிர்வு 3 மில்லி செகண்ட்தான்.

எல்லாக் கம்பியிலும் தவறினால், 12-ஆம் ஃபிரெட்டைப் பாருங்கள். அங்கே கம்பியை விரலால் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும், அழுத்தி மீட்டும் சுரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறி நின்றால், பிரிட்ஜில் (கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பாகம்) அந்தக் கம்பி உட்காரும் துண்டான சாடிலை, கம்பி நீளும்படி பின்னுக்குத் தள்ளுங்கள்; இறங்கி நின்றால் முன்னுக்கு. துருப்பிடித்த கம்பியில் இந்தச் சோதனை வீண். புதுக் கம்பி மாட்டிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: ராக்ஸ்மித்தில் ஒரு பாட்டுக்கு 90 சதவீதம் எடுக்கிறேன். திரையை அணைத்தால் நான்கு சுரம்கூட வரவில்லை!

பதில்: நீங்கள் பாட்டைக் கற்கவில்லை, திரையில் வரும் வண்ணங்களைத் துரத்தக் கற்றிருக்கிறீர்கள். விளையாட்டு முதலில் சில சுரங்களை மட்டும் காட்டி, நீங்கள் தேறத் தேற மற்றதைச் சேர்த்துக்கொண்டே போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எளிய வடிவத்துக்குப் பழகிய விரல் அமைப்பு முழு வடிவத்துக்கு உதவாமல், பழகியதை மறக்கவே தனியாக உழைக்க வேண்டிவரும்.

ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் பழகும் ரிஃப் ரிப்பீட்டர் பகுதிக்குப் போய், கடினத்தை 100 சதவீதத்துக்கு ஏற்றி, வேகத்தை 60-க்கு இறக்குங்கள். எட்டு நொடிக்கு மேல் போகாத ஒரு துண்டு. தொடர்ந்து மூன்று முறை பிசகாமல் வந்தால் 5 சதவீதம் கூட்டுங்கள். தப்பினால் 10 குறையுங்கள். 100-ஐத் தொட்டதும் மாஸ்டர் மோட் போடுங்கள், சுரங்கள் திரையிலிருந்து மங்கி மறையும். அடுத்தது திரையே இல்லாமல்.

இன்னொன்று: கார்டுகளில் (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) விளையாட்டு ரொம்பத் தாராளம். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்துப் பிடிக்கும் எஃப் பாரே கார்டில் இரண்டு கம்பி ஊமையாகக் கிடந்தாலும் ‘சரி’ என்று விட்டுவிடும். கேபிளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கம்பியாக மீட்டுங்கள். பெரும்பாலும் பி கம்பிதான் செத்திருக்கும், ஆள்காட்டி விரலின் மடிப்பு அதன்மேல் விழுவதால். விரலை ஒரு நூல் மேலேயோ கீழேயோ நகர்த்தி, கட்டைவிரல் பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள்.

கேள்வி: விரல் நுனி எரிகிறது. கையுறை போடலாமா?

பதில்: வேண்டாம், கம்பியின் தொடு உணர்வு போய்விடும். 10–46 தடிமன் கம்பி செட் மாட்டியிருந்தால், அதைவிட மெல்லிய 9–42-க்கு மாறுங்கள். ஃபிரெட்டின் நடுவில் அழுத்தாமல், உலோகக் கட்டைக்கு ஒட்டிப் பின்னால் அழுத்தினால் பாதி பலமே போதும். செட் மாற்றியதும் 12-ஆம் ஃபிரெட் சோதனையை மறுபடி செய்துவிடுங்கள்.