செயற்கை நுண்ணறிவு படிக்கவும் பயிற்சிக்குப் போகவும் பணம் எங்கே? மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கணினித் துறையில் விரிவுரையாளராகவும், பின்னர் மாணவர்களைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பும் பிரிவின் பொறுப்பாளராகவும் இருந்தவன் என்பதால், உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் மலையகத்திலிருந்து எனக்குக் கேள்விகள் வருகின்றன. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறித்துள்ளேன்.

ஹட்டனிலிருந்து ஒரு மாணவி: சேர், நான் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதியிருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு படிக்க எவ்வளவு பணம் தேவைப்படும்?

தங்கை, பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளி கைகொடுத்தால் அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்கென்று நீங்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்ப பீடத்தில் செயற்கை நுண்ணறிவுக்கென்றே ஒரு பட்டம் இருக்கிறது. ஆனால் பெயரைப் பார்த்து விண்ணப்பத்தில் அதை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றை விட்டுவிடாதீர்கள். பேராதனையில் கணினிப் பொறியியலோ புள்ளிவிபரவியலும் கணினி விஞ்ஞானமுமோ படித்தவர்களும், பதுளையில் 2005 இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் இதே வேலைக்குத்தான் போகிறார்கள். நேர்காணலில் நிகழ்தகவும் நேரியல் அட்சரகணிதமும் நிரலாக்கமும் கேட்கப்படுமே தவிர, பட்டத்தின் தலைப்பை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன, கண்டி இல்லை. எனவே உங்கள் புள்ளியைக் கொழும்பு மாணவரின் புள்ளியோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

கைச்செலவுக்கு மஹாபொல புலமைப்பரிசில் அல்லது பேர்சரி உதவித்தொகை கிடைக்கும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல மாதத்துக்கு 7,500 ரூபாயாகவும் பேர்சரி 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் செல்லும் என்பதால், அந்த இடைவெளிக்கான பணத்தை இப்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலையிலிருந்து: ஒரு சில புள்ளிகளில் அரச பல்கலைக்கழகம் தவறிவிட்டது. தனியார் நிறுவனம் ஒன்றின் முகவர் வீட்டுக்கே வந்து, அரசாங்கக் கடனில் படிக்கலாம் என்கிறார். நம்பலாமா?

கடன் திட்டம் உண்மையானது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத மாணவர்களுக்காக 2017 இல் வட்டியில்லாக் கடன் திட்டம் தொடங்கப்பட்டது. வட்டியை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும்; வாங்கிய தொகையை மாணவர் படிப்பு முடிந்து ஒரு சலுகைக் காலத்துக்குப் பின்னர் தவணை முறையில் செலுத்த வேண்டும். தொடக்க ஆண்டுகளில் படிப்புக் கட்டணமாக 8 இலட்சம் ரூபாய் வரை வழங்கப்பட்டதுடன், வாழ்க்கைச் செலவுக்கென்று தனியாக ஒரு பகுதியைப் பெறவும் வழி வைக்கப்பட்டது. அந்தப் பகுதி ஏன் முக்கியம் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

முகவரை நம்பலாமா என்பது வேறு கேள்வி. நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டிருந்தால் அதன் எல்லாக் கற்கைநெறிகளுக்கும் கடன் கிடைக்கும் என்று பொருளல்ல. உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சு வெளியிடும் பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட பட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். கடனுக்கு வங்கி பிணையாளர் கேட்கும் என்பதால், உறவினரிடம் அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அதன் பின் முகவரிடம் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: தொழிற்பயிற்சி பட்டத்தின் கட்டாயப் பகுதியா, பயிற்சி இடத்தைத் தேடித் தருவது யார், சென்ற ஆண்டு மாணவர்களில் எத்தனை பேருக்குக் கொடுப்பனவுடன் பயிற்சி கிடைத்தது. மூன்றாவது கேள்விக்கு முகவர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய்: ஐயா, என் மகன் மூன்று வருடம் படித்துவிட்டான். கொழும்பில் ஒரு கம்பனியில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்திருக்கிறது. போர்டிங் அட்வான்ஸ் கொடுக்கப் பணமில்லை, பிறகு போகிறேன் என்கிறான். விட்டுவிடலாமா?

விடவே கூடாது அம்மா. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த மலையகப் பிள்ளைகளில் கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர்களை விட, இந்த இடத்தில் வந்து நின்றவர்களே அதிகம். படிப்புக்கு மஹாபொல, கடன், தோட்டப் பிள்ளைகளுக்கான நம்பிக்கை நிதியம் என்று ஏதோ ஒரு கதவு இருக்கிறது. மேலே சொன்ன கடனின் வாழ்க்கைச் செலவுப் பகுதியை விட்டால், பயிற்சிக் காலத்தில் பிள்ளை கொழும்பில் தங்கிச் சாப்பிடுவதற்கென்று எவரும் பணம் ஒதுக்குவதில்லை. ஆனால் இந்தத் துறையில் வேலை கிடைப்பது பெரும்பாலும் பயிற்சி பெற்ற நிறுவனத்திலோ, அதன் சிபாரிசிலோதான். வகுப்பறையில் மாணவர் கையாளும் தரவு துப்புரவாக்கப்பட்டது. நிறுவனத்தில் வருவது பாதி காலியான அட்டவணை, பிழையான பெயர்கள், இரட்டைப் பதிவுகள். அதைச் சீர்செய்து, அதைக் கொண்டு ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவித்து, அது வாடிக்கையாளரிடம் போன பின்னும் ஒழுங்காக இயங்குகிறதா என்று கவனிப்பதை அந்த ஆறு மாதத்தில்தான் பிள்ளை கற்றுக்கொள்வான்.

கணக்கைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளருக்கு 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் ஒருவர் மாதம் 25 நாள் வேலை செய்தால் 33,750 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கான 8 வீதம் போனால் 31,050. இதில் குடும்பமும் நடந்து, போர்டிங் முற்பணமும் கட்டுவது நடக்காத காரியம். அதன் பின் சம்பளம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் கணக்கின் முகம் பெரிதாக மாறவில்லை. பயிற்சிக் கொடுப்பனவு உண்டென்றாலும் அது முதல் மாத முடிவில்தான் வரும். ஆகவே ஆறு மாதத்துக்கும் பணம் தேட வேண்டியதில்லை. முற்பணமும் முதல் இரண்டு மாதச் செலவும் கிடைத்தால் வண்டி ஓடிவிடும்.

முதலில், மகன் தன் பல்கலைக்கழகத்தின் பயிற்சிப் பிரிவுக்கும் அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கும் நிலைமையை உள்ளபடி எழுதட்டும். முதல் மாதத்தை வீட்டிலிருந்தே இணையவழியில் தொடங்க அனுமதிப்பது, கொடுப்பனவில் ஒரு பகுதியை முன்கூட்டியே தருவது ஆகியவற்றை நான் கேட்டபோது சில நிறுவனங்கள் மறுத்திருக்கின்றன, சில ஒத்துக்கொண்டிருக்கின்றன. கேட்பதால் பயிற்சியைப் பறித்தவர்களை நான் கண்டதில்லை. அடுத்து, பழைய மாணவர் சங்கங்களிடம் போகும்போது பொதுவாக உதவி என்று கேட்காமல், இன்ன மாதம், இன்ன தொகை, இன்ன தேவைக்கு என்று நியமனக் கடிதத்தோடு கேளுங்கள்.

லயத்துப் பெண்கள் பிடிக்கும் சீட்டை யாரும் கல்வி நிதி என்று சொல்வதில்லை. ஆனால் பயிற்சி எந்த மாதம் தொடங்கும் என்பது ஒரு வருடத்துக்கு முன்பே தெரியும் என்பதால், அந்த மாதத்துச் சீட்டை எடுப்பதாக முன்கூட்டியே பேசி வைத்த தாய்மார் எனக்குத் தெரிந்து இருவர். இரண்டு பிள்ளைகளும் இன்று வேலையில் இருக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேறு வழியே இல்லையென்றால் அரச வங்கியில் நகையை அடகு வைப்பது, வாரந்தோறும் வாசலுக்கு வந்து தவணை கேட்கும் நுண்கடனை விட எவ்வளவோ மேல். மாதம் ஒருமுறை வரும் வருமானத்தை நம்பி வாரத் தவணைக் கடனில் கைவைக்காதீர்கள்.

பண்டாரவளையிலிருந்து: உயர்தரத்தில் கலைப் பிரிவு. எனக்கு இதில் இடமுண்டா?

உண்டு, ஆனால் பாதை நீளம். தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்தில் நான்காம் மட்டச் சான்றிதழிலிருந்து ஐந்தாம், ஆறாம் மட்ட டிப்ளோமாக்களுக்கும், ஏழாம் மட்டத்தில் பட்டத்துக்கும் ஏறலாம். தேசிய தொழில் பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, அதாவது நாம் நைட்டா என்று சொல்வது, வேலைத்தளத்திலேயே பயிலுநராகச் சேர்க்கும் முறையைக் கொண்டது. மூன்று மாதத்தில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியலாளர் ஆக்குகிறோம் என்ற சுவரொட்டிக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த வகுப்புகளில் பல, கணினி கற்பதற்காகப் படங்களில் இருப்பது என்ன என்று குறிக்கும் வேலைக்கே ஆளைத் தயார்செய்கின்றன. அதுவும் நேர்மையான வேலைதான். பொறியியலாளர் வேலை அல்ல.

கண்டியில் சிறு மென்பொருள் நிறுவனம் நடத்தும் ஒருவர்: பயிலுநர்களை எடுக்க ஆசை. ஆனால் ஆறு மாதம் கொடுப்பனவு கொடுத்து, அவர்கள் கற்று முடிந்ததும் கொழும்புக்குப் போய்விடுகிறார்கள். வெளிநாடுகளில் இதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறதாமே?

கொடுக்கிறது. கனடாவின் மாணவர் வேலைப் பயிற்சித் திட்டத்தில் மாணவரை எடுக்கும் தொழில்வழங்குநருக்குச் சம்பளத்தில் 50 வீதம், அதிகபட்சம் 5,000 டொலர் திருப்பித் தரப்பட்டது. தொழில்நுட்பத் துறைப் பெண்கள், பூர்வகுடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோரை எடுத்தால் அது 70 வீதமாகவும் 7,000 டொலராகவும் உயர்ந்தது. சிங்கப்பூர், தன் பிரஜைகளுக்காக மாதக் கொடுப்பனவுடன் செயற்கை நுண்ணறிவுப் பயிலுநர் திட்டத்தை நடத்துகிறது. பயிலுநர்கள் அதில் உண்மையான நிறுவனங்களின் பிரச்சினைகளில் வேலை செய்கிறார்கள். பிரித்தானியா 2020 முதல் வேறு துறைப் பட்டதாரிகளை இத்துறைக்கு மாற்றும் முதுநிலைக் கற்கைகளுக்கு, ஒருவருக்கு 10,000 பவுண் புலமைப்பரிசில் வழங்கியது. மூன்று வழிகளில் நமக்கு அதிகம் பொருந்துவது கனடாவினுடையது என்பது என் கருத்து, ஏனெனில் அங்கே பணம் வகுப்பறைக்குப் போகாமல் பயிற்சி நடக்கும் மேசைக்குப் போகிறது. இங்கே அந்தச் சுமையைப் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள் தனியாகச் சுமக்கிறீர்கள். மலையக மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

பயிலுநர் போய்விடுகிறார் என்ற குறைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் கொழும்பில் கிடைக்காத வேலையைக் கொடுத்தால் சிலர் தங்குவார்கள். தேயிலை இலையின் கொப்புள நோயைப் புகைப்படத்திலிருந்து கண்டுபிடிக்கும் ஒரு சிறு செயலியை எடுத்துக்கொள்ளுங்கள்.  நோயைப் பற்றிக் கேட்டறியத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. படம் எடுக்க வேண்டிய செடி பயிலுநரின் வீட்டு வாசலில் நிற்கிறது. தாய் கொழுந்து எடுக்கும் மலையை அறிந்த பிள்ளைக்கு, எந்த இலை வெயிலால் வாடியது, எது நோயால் வாடியது என்பதைப் பாடம் நடத்திச் சொல்லத் தேவையில்லை.

ஹப்புத்தளையிலிருந்து: இந்தியத் தூதரகம் தரும் உதவிகள் நம்மவர்களுக்குக் கிடைக்குமா?

நம்மவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. 1940களில் தொடங்கப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்குகிறது. தொகை பெரிதல்ல என்று சிலர் விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். பயிற்சிக்கு முந்திய வருடம் அதைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் போர்டிங் முற்பணத்துக்கு உதவும். இந்தியாவிலேயே படிக்க விரும்பினால், தகவல் தொழில்நுட்பப் பொறியியல் பட்டத்துக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலும், ஏனைய பட்டங்களுக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசிலும் உண்டு. விளம்பரம் வரும்போது கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம்.

நுவரெலியாவிலிருந்து: இலவச இணையவழிச் சான்றிதழ்கள் போதாதா?

தொடங்கப் போதும். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச நிரலாக்கப் பாடங்களில் பைதான் என்ற நிரலாக்க மொழியைக் கற்று, கூகுள் கொலாப்பில் இலவசமாகக் கணிப்புத் திறன் பெற்று, கேகிள் தளத்தில் உள்ள தரவுகளில் பழகலாம். பத்துச் சான்றிதழ்களை விட, நீங்களே சேர்த்த தரவில் செய்த ஒரு வேலையை நேர்காணலில் காட்டுவது மேல்.

நாவலப்பிட்டியிலிருந்து: என் ஆங்கிலம் பலவீனம். சிங்களம் நன்றாகப் பேசுவேன்.

தம்பி, ஆங்கிலத்தை விட்டுவிட முடியாது. ஆவணங்கள் எல்லாம் அதில்தான். ஆனால் தமிழும் சிங்களமும் ஒருசேர அறிந்த பயிலுநர் அரிது. மொரட்டுவையில் இரு மொழிகளுக்கும் இடையிலான இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வு பல ஆண்டுகளாக நடக்கிறது. இருமொழி வாடிக்கையாளர் சேவைக்கும் அவ்வாறான ஆட்கள் தேவை. சுயவிபரக் கோவையில் சிங்களத்தைக் கடைசி வரியில் எழுதாமல் மேலே எழுதுங்கள்.

டிக்கோயாவிலிருந்து ஒரு தந்தை: மகளின் புலமைப்பரிசில் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் கிடந்து, திகதி முடிந்த பின்தான் கைக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழிலும் பெயர் வேறு மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

பெயரை முதலில் சரிசெய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு மூன்றிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால், வங்கி கடனையும் நிறுவனம் நியமனத்தையும் நிறுத்தி வைக்கலாம். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். நாளெடுக்கும் என்பதால் பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். முகவரிக்கு, தோட்டப் பெயருக்குப் பதிலாகப் பாடசாலை அதிபரின் அனுமதியோடு பாடசாலை முகவரியையோ, நகரில் கடை வைத்திருக்கும் உறவினரின் முகவரியையோ கொடுங்கள். மகளின் மின்னஞ்சலையும் எல்லா விண்ணப்பத்திலும் எழுதச் சொல்லுங்கள். தவறிய புலமைப்பரிசிலுக்கு, கடிதம் கிடைத்த திகதியைத் தோட்டக் காரியாலயத்தில் எழுதி வாங்கி, மேன்முறையீடு ஒன்றை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.