காட்டாத விதியும் கொடுக்காத தொகையும்

கேள்வி: விவசாய மோட்டார் பம்புகளை மொத்தமாக விற்கும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவைக் கவனித்துவருகிறேன். எங்களிடம் 14 விற்பனைப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். எக்செலில் போட்டுவந்த கமிஷன் கணக்கை இந்த ஆண்டு ஒரு மென்பொருளுக்கு மாற்றினோம். அதில் கமிஷனைக் கணக்கிடும் ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் ‘ஹைப்பதெட்டிக்கல்’ (உத்தேசம்), ‘ஹிட்டன்’ (மறைவு) என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அடுத்த ஆண்டு ஸ்லாப் முறைக்கு, அதாவது விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் விழுக்காடு கூடும் முறைக்கு, மாறலாமா என்று முதலாளி யோசிக்கிறார். பிரதிநிதிகளுக்குத் தெரியாமல் அதை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். எதை டிக் செய்வது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: இரண்டு கட்டங்களும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. முதல் கட்டம், அந்த விதி கணக்கிடும் தொகை பட்டுவாடாவில் சேருமா சேராதா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது கட்டம், அந்தத் தொகை பிரதிநிதியின் கண்ணில் படுமா படாதா என்பதைத் தீர்மானிக்கிறது. உங்கள் முதலாளி கேட்பதற்கு இரண்டையும் டிக் செய்ய வேண்டும். ‘ஹிட்டன்’ கட்டத்தை மட்டும் டிக் செய்தால், பல மென்பொருள்களில் தொகை மறைந்திருக்குமே தவிர மொத்தத்தில் சேர்ந்துவிடும். அதாவது பழைய முறைக் கமிஷனும் புதிய முறைக் கமிஷனும் சேர்ந்து சம்பளப் பட்டியலுக்குப் போய்விடும். ‘ஹைப்பதெட்டிக்கல்’ கட்டத்தை மட்டும் டிக் செய்தால் பணம் போகாது, ஆனால் பிரதிநிதியின் திரையில் ஒரு தொகை தெரியும். கையில் வராத தொகையைத் திரையில் பார்த்தவர் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சோதனை எப்படி அமையும் என்பதை ஒரு கணக்காகவே பார்ப்போம். இப்போது எல்லா விற்பனைக்கும் 2 விழுக்காடு கொடுக்கிறீர்கள் என்றும், புதிய முறையில் மாதம் 10 லட்சம் ரூபாய் வரை 1.5 விழுக்காடும் அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 4 விழுக்காடும் கொடுக்க நினைக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 14 லட்சத்துக்கு விற்றவர் பழைய முறையில் 28,000 ரூபாய் பெறுகிறார். புதிய முறையில் 15,000 ரூபாயும் 16,000 ரூபாயும் சேர்ந்து 31,000 ரூபாய் வரும். 8 லட்சத்துக்கு விற்றவருக்கோ 16,000 ரூபாய் 12,000 ஆகக் குறைந்துவிடும். இரண்டு முறைகளும் சமமாகும் இடம் 12.5 லட்சம், அங்கே இரண்டிலும் 25,000 ரூபாய்தான். ஆகவே, மொத்தச் செலவு கூடுமா குறையுமா என்பதோடு நின்றுவிடாமல், 14 பேரில் எத்தனை பேர் எத்தனை மாதங்கள் அந்த 12.5 லட்சத்துக்குக் கீழே இருந்தார்கள் என்பதையும் முதலாளியிடம் காட்டுங்கள். செலவு குறைகிறது என்ற ஒற்றை வரியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், யாருடைய வருமானத்திலிருந்து அது குறைகிறது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

இந்த உத்தேசக் கணக்குக்கு ஓர் எல்லையும் உண்டு. பழைய விற்பனைகள் பழைய விதியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஸ்லாப் வந்துவிட்டால், 9.5 லட்சத்தில் நிற்பவர் இந்த மாதம் 10 லட்சத்தைத் தாண்ட முடியாது என்று தெரிந்தவுடன், மாதக் கடைசியில் வரும் ஆர்டரை அடுத்த மாதப் பில்லுக்குத் தள்ளிவைக்கக்கூடும். மென்பொருள் காட்டும் எண்ணில் இது இருக்காது.

எந்தத் தொகையின் மேல் விழுக்காடு போடுகிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 18 விழுக்காடு ஜிஎஸ்டியுடன் 1,18,000 ரூபாய்க்குப் போட்ட பில்லில் உங்கள் விற்பனை ஒரு லட்சம்தான். பழைய விதி வரி நீக்கிய தொகையிலும் சோதனை விதி பில் தொகையிலும் கணக்கிட்டால், இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. இதற்காக, வரியையும் தள்ளுபடியையும் கழித்து நிகர விற்பனையைத் தரும் விதி ஒன்றைத் தனியாக எழுதி, இரண்டு முறைகளும் அதிலிருந்தே தொகையை எடுக்கும்படி செய்யுங்கள்.

சோதனைத் தொகை உங்கள் பேரேட்டுக்குள் நுழைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளக்காரர்களுக்குக் கொடுக்கும் கமிஷன் சம்பள வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். வெளி ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கும் கமிஷனுக்கோ தனியாக டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்தாக வேண்டும். 5 விழுக்காடாக இருந்த அது 2024 அக்டோபர் 1 முதல் 2 விழுக்காடாகக் குறைந்தது. இந்தப் பிடித்தம் பணம் கொடுக்கும் நாளிலோ கணக்கில் வரவு வைக்கும் நாளிலோ, எது முந்துகிறதோ அன்றே செய்யப்பட வேண்டியது. யார் பெயரிலும் சேர்க்காமல் தற்காலிகமாக வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் வரவு வைத்தாலும் இதே விதிதான். கொடுக்காத சோதனைத் தொகை ஏஜெண்டின் பெயரில் தவறுதலாக வரவாகிவிட்டால், வராத கமிஷனுக்கு வரிப் பொறுப்பு வந்துசேரும். எனவே கணக்கு மென்பொருளுக்குக் கோப்பை ஏற்றுமதி செய்தவுடன் அதன் மொத்தத்தை, பட்டுவாடாவுக்கு ஒப்புதல் பெற்ற மொத்தத்தோடு ஒருமுறை கையால் ஒத்துப்பாருங்கள்.

கேள்வி: சரக்கு ரிட்டர்ன் வந்து, அதன் தொகையைப் பார்ட்டிக்குக் கழித்துக் கொடுக்கும் கிரெடிட் நோட் போடும்போது, ஏற்கெனவே கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிக்கும் விதி எங்களிடம் இருக்கிறது. அதைக் காட்டினால் மாதாமாதம் வாக்குவாதம் வருகிறது, ‘ஹிட்டன்’ ஆக்கிவிடுங்கள் என்கிறார் விற்பனை மேலாளர். செய்யலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: செய்யாதீர்கள். மேலாளர் வற்புறுத்தினாலும் செய்யாதீர்கள்.

நான் ஒரு விநியோக நிறுவனத்தில் கணக்கு பார்த்த காலத்தில், ஒரு பிரதிநிதி மாதத் தொடக்கத்தில் என் மேசைக்கு வந்து தன் பாக்கெட் நோட்டைப் பிரித்து வைத்தார். பதினொரு பில்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் பார்ட்டியின் பெயர், தொகை, 2 விழுக்காடு, எல்லாம் பென்சிலில். கூட்டுத்தொகை 18,400 ரூபாய். அவருக்குக் கொடுத்த கமிஷன் பட்டியலிலும் அதே 18,400தான் இருந்தது. வங்கியில் விழுந்ததோ 15,900. அந்த 2,500 ரூபாய், முந்தைய மாதம் திரும்பி வந்த 1,25,000 ரூபாய்ச் சரக்குக்கான பிடித்தம். கணக்கில் ஒரு பைசா தவறில்லை. பிடித்தம் செய்த விதியைத்தான் பட்டியலில் மறைத்திருந்தோம். கிரெடிட் நோட்டை எடுத்துக் காட்டியதும் அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு நான் அந்த நிறுவனத்தில் இருந்தவரை, எங்கள் பட்டியலை நம்பாமல் ஒவ்வொரு மாதமும் அந்த நோட்டோடுதான் வந்தார். அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஒருவர் கையில் வாங்கும் தொகையைக் கூட்டுவதோ குறைப்பதோ எதுவானாலும் அவருடைய பட்டியலில் தனிப் பதிவாக வர வேண்டும். பிடித்தம் மட்டுமல்லாமல், கமிஷனுக்கு உச்சவரம்பு வைத்திருந்தால் அதுவும் அப்படியே. உங்கள் விதியைக் காட்டும்படி மாற்றி, கிரெடிட் நோட்டின் எண்ணும் தேதியும் பார்ட்டியின் பெயரும் அந்தப் பதிவிலேயே வரும்படி செய்யுங்கள். வாக்குவாதத்தில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும்.

மறைக்கத் தக்கவையும் இருக்கின்றன. கோவை வாசகருக்குச் சொன்ன நிகர விற்பனை விதி போன்ற இடைநிலைக் கணக்குகள், பிரதிநிதியின் விற்பனையை வைத்து அவருடைய மேலாளருக்குக் கிடைக்கும் கமிஷன் ஆகியவை அந்தப் பிரதிநிதியின் பட்டியலில் வரத் தேவையில்லை. அவற்றை மறைத்தபின் ஒரு பிரதிநிதியின் லாகினில் நுழைந்து திரையையும், பதிவிறக்கம் செய்துகொள்ளும் பிடிஎஃப், எக்செல் கோப்புகளையும் பாருங்கள். திரையில் மறைந்த பதிவு எக்செலில் அப்படியே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சோதனை விதியை எவ்வளவு காலம் ஓட்ட வேண்டும்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பருவம் சார்ந்த வியாபாரமாக இருந்தால் ஒரு முழு ஆண்டின் தரவு தேவை. அதற்காக ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. முடிந்துபோன 12 மாதப் பில்களின் மீதே ஓட்டலாம். ஆனால் ஒப்புதல் பெற்றுப் பூட்டிய மாதங்களைத் திறந்து ஓட்டாதீர்கள், நகலில் ஓட்டுங்கள். விதியின் பெயரிலேயே ‘உத்தேசம் – பட்டுவாடா இல்லை’ என்று எழுதி, முடிவுத் தேதியையும் போட்டுவிடுங்கள். புதிய முறைக்கு மாறுவது என்று முடிவானதும் ‘ஹிட்டன்’ டிக்கை மட்டும் எடுத்துவிட்டு, பழைய முறையிலேயே பணம் கொடுத்துக்கொண்டு, புதிய முறையில் தமக்கு எவ்வளவு வந்திருக்கும் என்பதைப் பிரதிநிதிகள் இரண்டு மாதங்களாவது தங்கள் பட்டியலிலேயே பார்க்க விடுங்கள். கேள்விகளோடு உங்களிடம் வர அவர்களுக்கு அந்த இரண்டு மாதங்கள் தேவைப்படும்.