154 கிலோமீட்டர் வரவில்லை என்று பேட்டரியைத் திறக்க விடாதீர்கள்

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் இருந்து அதிகாலையில் காலி வண்டியாகக் குன்னூர் ஏறி, கேரட், பீட்ரூட் ஏற்றிக்கொண்டு மண்டிக்கு இறங்குகிறேன். மற்ற நாட்களில் கோவைக்கு லோடு. நான்கு மாதம் முன்பு டாட்டா ஏஸ் ஈவி எடுத்தேன். இதுதான் என் முதல் மின்சார வண்டி. ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்றார்கள். எனக்கு 95 தாண்டவில்லை. "செல் பேலன்ஸ் போய்விட்டது, 12,000 ரூபாய் கொடுங்கள், பேட்டரியைத் திறந்து சரிசெய்கிறேன்" என்கிறார் ஒருவர். பர்மிட்டும் அவரே எடுத்துத் தருவாராம். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பேட்டரியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை.

154 என்பது ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் ஓட்டி எடுத்த கணக்கு. அதில் மலை இல்லை, மண்டி நெரிசல் இல்லை. உங்கள் பேட்டரி 21.3 யூனிட் கொள்ளும். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,500 மீட்டர். வண்டியும் நீங்களுமாக 1,300 கிலோ என்று வைத்தால், அந்த உயரம் ஏற மட்டுமே ஆறு யூனிட் போய்விடும். சாலை உராய்வு தனி. பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு குன்னூர் போய்ச் சேருவதற்குள் கரைந்துவிடுகிறது. அப்படியும் மொத்தம் 95 ஓடுகிறது என்றால் வண்டி ஒழுங்காகவே ஓடுகிறது. அந்த 154-க்குப் பக்கத்தில் "600 கிலோ ஏற்றினால் இவ்வளவு, மலையில் இவ்வளவு" என்று இரண்டு வரி அச்சிடக் கட்டாயப்படுத்தினால் இந்தக் குழப்பமே வராது. அதைச் செய்ய யாருக்கும் அவசரமில்லை. இடைத்தரகர்கள் பிழைப்பது அந்த இடைவெளியில்தான்.

செல் பேலன்ஸ் என்பது பேட்டரிக்குள் இருக்கும் செல்களின் சார்ஜைச் சமமாக்குவது. அது வண்டி தானாகவே செய்துகொள்ளும் வேலை. உங்கள் பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. இந்த வகையில் பாதி சார்ஜிலும் முக்கால் சார்ஜிலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் மீட்டரில் தெரியும் சதவீதம் பாதி அளந்தது, பாதி ஊகித்தது. வாரம் ஒரு இரவு 100 வரை ஏற்றி, 100 காட்டிய பிறகும் ஒரு மணி நேரம் சார்ஜர் முனையை (கன்) வண்டியில் இருந்து கழற்றாமல் விடுங்கள். செல்கள் சமமாவது அந்த நேரத்தில்தான். தினமும் 80-இல் பிடுங்கிக்கொண்டு கிளம்பினால் ஊகம் பிசகிக்கொண்டே போகும்.

இரவில் சார்ஜ் பாதியில் நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் தானே நிறுத்திக்கொள்ளும். எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி 16 ஆம்பியர் பாயிண்ட், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ஆறேழு மணி நேரம் தொடர்ந்து 15 ஆம்பியர் இழுத்தால் அது உருகும்.

பிறகு நீங்களே அளந்து பாருங்கள். 100-இல் கிளம்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, 20 வரும்வரை ஓட்டுங்கள். ஓடிய தூரத்தை 0.8-ஆல் வகுங்கள். கோவை லோடுக்கு ஒரு முறை, மலைக்கு ஒரு முறை. இனி வியாபாரத்தைத் திட்டமிட இந்த இரண்டு எண்கள் போதும். டயர் காற்று கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி இருக்கட்டும். 50 கிலோ மூட்டை பன்னிரண்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். டீசல் குட்டியானையில் ஒன்றரை மடங்கு ஏற்றிய பழக்கம் இதில் உதவாது. மோட்டார் சூடேறி, வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வாரம் ஒருமுறை 100 என்றேன். அதில் முக்கியமான ஒரு விலக்கு: மலைமேல் 100 வேண்டாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டார் டைனமோவாக மாறி வண்டியைப் பிடித்து, அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி நிரம்பியிருந்தால் அதற்குப் போக இடமில்லை, அந்தப் பிடிப்பும் கிடைக்காது. 600 கிலோ கேரட்டுடன் முழு இறக்கத்தையும் கால் பிரேக்கே தாங்க வேண்டியிருக்கும். பர்லியார் வருவதற்குள் கருகல் வாடை அடிக்கும். அதற்குப் பிறகு மிதித்தாலும் பிரேக் முழுதாகப் பிடிக்காது. லோடு ஏறும் நேரத்தில் மேலே சார்ஜ் போட்டால் 80-இல் கழற்றிவிடுங்கள். கீழே வந்து சேரும்போது மூன்று யூனிட் அளவுக்குத் திரும்ப ஏறியிருக்கும், அதற்கு இடம் வேண்டும். இறங்கும்போது நியூட்ரலில் போடவே கூடாது. டீசல் மிச்சம் பிடிக்கப் பலர் செய்த வேலை அது; இந்த வண்டியில் மிச்சமும் போகும், பிடிப்பும் போகும்.

மூன்று முறை முழுச் சார்ஜ் செய்த பிறகும் சதவீதம் 30-இல் இருந்து 12-க்குத் திடீரென்று குதித்தால், அது செல் கோளாறாக இருக்கலாம். கம்பெனி சர்வீஸ் மையத்தில் பேட்டரியின் ஆரோக்கியச் சதவீதத்தை, எஸ்.ஓ.எச். என்பார்கள், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "நார்மல்தான் அண்ணா" என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள், தாளில் கிடைக்காமல் நகராதீர்கள். வெளியாள் பேட்டரிப் பெட்டியின் சீலை உடைத்தால் வாரண்டி அன்றோடு முடிந்தது. உடைந்த கேஸ்கட் வழியே மழைத்தண்ணீர் இறங்கும். உள்ளே இருக்கும் மின்சாரம் ஆளைக் கொல்லக்கூடியது.

பர்மிட் விஷயம்: பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் உங்கள் வண்டி அந்தக் கணக்கில்தான் வரும். அடுத்து அந்தத் தரகர் "பேட்ஜ்" என்று, அதாவது வாடகை வண்டி ஓட்டத் தனி அனுமதி வேண்டும் என்று ஆரம்பிப்பார். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. இதை ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் தமிழில் எழுதி ஒட்டினாலே பாதித் தரகர்கள் வேறு வேலை தேடுவார்கள். எஃப்.சி.யும் (வண்டியின் தகுதிச் சான்று) இன்ஷூரன்ஸும் மட்டும் மற்ற லோடு வண்டிகளைப் போலவே கட்டாயம். புது வண்டிக்கு முதல் எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு, அது முடியும் தேதியை இன்றே குறித்து வையுங்கள்.